பாக்சோயை வசந்தத்தில் விதைக்காதீர்கள்

முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி வளர்ந்தவர்களுக்கு விதைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாதம் தூவினாலும் 25, 30 நாளில் பிடுங்கலாம் என்பதுதான் நமக்குப் பழக்கம். குளிர்நாட்டுக்கு வந்தபிறகு, பாக்சோய் என்கிற வெள்ளைக் காம்புச் சீனக் கீரை விஷயத்தில் என்னைக் கெடுத்தது அந்தப் பழக்கம்தான்.

சட்ட விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டியில் விதை கொண்டுவர வேண்டுமென்றால் பல நாடுகளில் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஒளித்துக் கொண்டுவராதீர்கள், வந்த இடத்திலேயே வாங்குங்கள். வள்ளைக்கீரையைச் சில இடங்களில் நீர்நிலையை அடைக்கும் களை என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரித்துவிட்டுப் போடுங்கள். வாடகை வீடென்றால் மண்ணைக் கொத்தும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வெந்தயமும் கடுகும் சமையலறை டப்பாவில் இருப்பதே முளைக்கும். மல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். முதல் குளிர்காலம் முழுக்க இலையில்லாத மரங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஏதாவது பச்சையாக வளர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பாக்சோய் விதைப் பொட்டலத்தில் ‘மார்ச் முதல்’ என்று போட்டிருந்தது. அதை நம்பி ஜன்னலோரத்தில் 60 நாற்று வளர்த்து, ஏப்ரலில் வெளியே நட்டேன். இரவில் 5, 6 டிகிரிதான். செடி வாடவில்லை, காம்பு வெள்ளை வெளேரென்று பருத்துத்தான் வந்தது. மே மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் குருத்துக்கு நடுவில் பச்சை மிளகுக் கொத்து மாதிரி ஒரு மொட்டு. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன், தண்ணீரையும் கூட்டினேன். ஒரு வாரத்தில் தண்டு முழங்கால் உயரம் போய், கடுகுச் செடி போல மஞ்சளாகப் பூத்து நின்றது. இலை சிறுத்துவிட்டது. 60 செடியையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். பாக்சோய், சீன முட்டைக்கோஸ் இரண்டும் சிறு நாற்றாக இருக்கும்போது சில நாள் 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால், குளிர்காலம் கழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் பகல் நீண்டுகொண்டே போனால் இலையை விட்டுவிட்டு விதை கட்டப் போய்விடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்குப் பகலின் நீளம் ஒரு கணக்கே இல்லை. 50 டிகிரி வட அட்சரேகையில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டுகிறது. செடிக்கு அது தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

அதனால் வருடத்தின் மிக நீண்ட பகலான ஜூன் 21 கழியட்டும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை விதையுங்கள். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிடுங்கள். பகல் குறைந்துகொண்டே வரும்போது ஆறேழு வாரத்தில் கட்டுக்கட்டாக அறுக்கலாம். லேசான உறைபனி விழுந்தாலும் சாகாது, இனிப்புக் கூடும். டாட்சோய் என்கிற இன்னொரு சீனக் கீரை இன்னும் தாங்கும். வசந்தத்திலேயே போட்டே தீருவேன் என்பவர்கள் இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைக்கும்வரை நாற்றை உள்ளேயே வைத்திருந்து, இளசாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள்.

கோடைக்கு நம் கீரைதான். முளைக்கீரைக்கும் கொடிப்பசலைக்கும் மண் 20 டிகிரி வரைக்கும் சுட வேண்டும்; அவசரப்பட்டால் விதை மண்ணிலேயே கிடந்து அழுகும். ஜூலையில் ஒரு கைப்பிடி தண்டுக்கீரையைப் பிடுங்கியதும் வேரில் வந்த அந்த மண்வாசனைக்கு நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம், தத்துகிற கறுப்பு வண்டு ஒன்று உண்டு. கடுகு இனத்து இலையை ஊசியால் குத்தியது போல ஓட்டை போடும். விதைத்த அன்றே மெல்லிய வலை போட்டு மூடுங்கள்.

பாக்சோயைக் கீரை மாதிரி மூடி வேகவைத்துக் கடையாதீர்கள், காம்பு முழுக்கத் தண்ணீர். அடிப்பக்கத்தைப் பிரித்து, காம்புக்குள் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவி, இலையையும் காம்பையும் தனித்தனியாக நறுக்குங்கள். பெரிய தீயில் காம்பு இரண்டு நிமிடம், பிறகு இலை அரை நிமிடம், உப்பு கடைசியில். கடைய ஆசையாக இருந்தால் கடுகுக்கீரையைக் கடையுங்கள், வெந்ததும் காரம் அடங்கிவிடும்.

அடுத்த வருடமும் இரண்டு செடி பூத்தண்டு விட்டன. பிடுங்கப் போனேன். பக்கத்துத் தோட்டத்துச் சீனப் பாட்டி வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. மொட்டுக்கு ஒரு சாண் கீழே தண்டை வளைத்துக் காட்டினார், படக்கென்று ஒடிந்தது. நார் இல்லாமல் ஒடிகிற இடம்வரை சமைக்கலாமாம். சோய் சம் என்று விற்பதே இப்படி மொட்டோடு ஒடிக்கிற கீரைதான். பூ முழுக்க விரியும் முன் ஒடித்து, தண்டை முதலில் போட்டு வதக்குங்கள். அடிச்செடியைப் பிடுங்க வேண்டாம், ஒரு வாரத்தில் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு மூன்று தண்டு வரும்.