கரண்டு போன நேரத்தில் ஜோதி வழிபாடு: வீட்டில் எப்படி உட்காருவது

ரங்கூனில் இருப்பவர்களுக்குக் கரண்டு போவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வள்ளலாரின் ஜோதி வழிபாடு எனக்குப் பிடிபட்டதே அந்த இருட்டில்தான், வேறு எதுவும் செய்ய வழியில்லாமல் விளக்கை ஏற்றி உட்கார்ந்தபோது. எப்படி உட்காருவது என்று சிலர் கேட்டார்கள், நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு அகல் போதும். மகுவே என்ற பர்மிய ஊர்ப் பக்கத்து நல்லெண்ணெய் சந்தையில் கிடைக்கும், பஞ்சுத்திரியைக் கொஞ்சம் தடியாகத் திரித்துக்கொள்ளுங்கள், மெல்லிய திரி படபடவென்று ஆடும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சுடர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதனால் சுடர் அந்த உயரத்துக்கு வரும் வரை அகலுக்கு அடியில் செங்கல்லை அடுக்குங்கள். இரண்டு கை தூரம் தள்ளி உட்காருங்கள். கொசுவலை, ஜன்னல் திரை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பூனை ஒரு நாள் அகலைத் தட்டிவிட்டு, திரைச்சீலையின் ஓரம் கருகி, நான் தியானத்தை விட்டு வாளித் தண்ணீரோடு ஓடினேன். இப்போது பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் திரியே போடுகிறேன்.

சுடரில் எந்த இடத்தைப் பார்ப்பது? இந்த ஊர் பௌத்தர்களிடம் தேஜோ கசிணம் என்று ஒரு தியானம் உண்டு, நெருப்புக்கு முன்னால் ஓட்டை போட்ட பாயையோ துணியையோ தொங்கவிட்டு, அந்த ஓட்டை வழியாகத் தீயைப் பார்ப்பது. கீழே எரியும் விறகையும் பார்க்காதே, மேலே போகும் புகையையும் பார்க்காதே, நடுவில் அடர்ந்து நிற்கும் தீயைப் பார் என்று விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூல் சொல்கிறது. நம் வழி வேறுதான், ஆனாலும் இது அகலுக்கும் பொருந்துகிறது. திரியையும் விட்டு நுனியையும் விட்டு நடுச்சுடரைப் பாருங்கள். இமைக்காமல் வீம்பு பிடிக்காதீர்கள், கண்ணில் நீர் வந்தால் மூடிக்கொள்ளலாம். கண்ணில் ஏற்கனவே கோளாறு இருந்தால் சுடரை உற்றுப் பார்க்கவே வேண்டாம்.

கண்ணை மூடியதும் உள்ளே ஒரு ஒளிப்பொட்டு மிதக்கும். அதைப் பார்த்துப் புல்லரித்துப்போகாதீர்கள், கேமரா ஃபிளாஷைப் பார்த்தாலும் அது வரும். அது கரையும் வரை விட்டுவிட்டு, மனத்தைப் புருவமத்திக்குக் கொண்டுவாருங்கள். சிற்சபை என்று வள்ளலார் சொல்வது அந்த இடத்தைத்தான். நாபியிலிருந்து புருவமத்தி வரை ஒரு நாடி போகிறது, அதன் நுனியில் ஒரு ஜவ்வு தொங்குகிறது, அடியில் வெள்ளை, மேலே மஞ்சள் என்று அவர் சொன்னார். அவர் நெறியான சன்மார்க்கத்தின் கொடி மேலே மஞ்சளும் கீழே வெள்ளையுமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அவர் கட்டிய வடலூர் ஞானசபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளும் இப்படித்தான், கருப்பிலிருந்து கலப்பு நிறம் வரை எல்லாம் நமக்குள்ளே இருப்பவை.

அந்தத் திரை விலக உள்ளே சூடு வேண்டும். இங்கேதான் பலரும் தவறான வழியில் போகிறார்கள், நானும் போனேன். இருபத்தைந்து வயதில் யாரோ சொன்னார்கள் என்று மூச்சை அடக்கி அடக்கிப் பழகி, ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் தலை கனத்துக் கிடந்தேன். 1873 அக்டோபர் 22 அன்று வடலூர் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டு வள்ளலார் பேசிய பேச்சில் இதற்குப் பதில் இருக்கிறது: தெய்வத்தை நினைப்பதிலும் துதிப்பதிலும் வரும் உஷ்ணம், யோகி பாடுபட்டு உண்டாக்கும் உஷ்ணத்தை விடப் பல மடங்கு அதிகம். மூச்சைச் சும்மா விடுங்கள், நெஞ்சு நெகிழ வேண்டும், அவ்வளவுதான்.

நெகிழ்வு எப்படி வரும் என்றால், எனக்கு வாய்விட்டுச் சொன்னால் வருகிறது. ‘அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி’ என்று மெதுவாக, ஒரு சொல் அடங்கிய பிறகு அடுத்த சொல். அவர் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி, முதல் நாளே முழுவதும் படிக்கிறேன் என்று உட்காராதீர்கள், பத்து அடி போதும். ஒரு ஜாமம் உலக நினைப்பே இல்லாமல் இப்படி இருந்தால் பெற வேண்டியதைப் பெறலாம் என்கிறார் வள்ளலார். ஒரு ஜாமம் என்றால் மூன்று மணி நேரம். நான் இருபது நிமிடத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

அப்புறம் சாப்பாடு. சன்மார்க்கத்தில் புலால் கிடையாது, இந்த ஊரிலோ மொஹிங்கா என்ற நூடுல்ஸ் குழம்பில் மீன், தொட்டதற்கெல்லாம் ஙப்பி என்ற மீன் விழுது. கடையில் ‘தெத்தத்லு’ என்று கேளுங்கள், உயிர்க்கொலை நீங்கியது என்றுதான் அதற்குப் பொருள், வள்ளலாரே வந்து பர்மியச் சொல் தேடியிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பார். ஆனால் நாம் சைவமாகச் சாப்பிடுவதோடு இது முடியாது. சபை கட்டுவதற்கு முன்பே, 1867 மே 23 அன்று, அவர் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையில் அடுப்பு மூட்டினார், அது இன்றும் அணையவில்லை. பசித்தவன் வயிற்றில் எரியும் தீயை முதலில் அணை என்பது அவர் கணக்கு. வாரம் ஒரு வேளையாவது யாருக்காவது சோறு போடுங்கள், முடியாவிட்டால் இங்கே பர்மாக்காரர்கள் வைப்பது போல வாசலில் ஒரு பானைத் தண்ணீர். சோறு போட்ட நாளில் உட்கார்ந்தால் நெஞ்சு தானாக இளகுகிறது, போடாத நாளில் வெறும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல மறந்த ஒன்று. உட்காருவதற்கு முன்னால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், முக்கியமாக டிவியை. நடுவில் கரண்டு வந்து, ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்து, விளம்பரக்காரன் கத்த ஆரம்பித்தால் அன்றைக்கு மறுபடியும் மனம் அடங்காது.