கவசம் முடியும் இடம்: ஜப்பானிய நாயக உடைகளைச் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் செய்த மார்புக் கவசத்தைப் பழைய போர்வையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். சாதாரண மனிதன் கவச நாயகனாக உருமாறும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் வரிசை காமென் ரைடர்; அதில் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய கூகா தொடரின் சிவப்புக் கவசம் அது. விளிம்பில் ஓடும் பொன்னிறக் கோடு ஓரிடத்திலும் பிசிறவில்லை. பரப்பை விரலால் தடவினால் உப்புத்தாள் தேய்த்த தடமே தட்டுப்படவில்லை. அதை அணிந்துகொண்டு வலக்கையை இடப்பக்கம் நீட்டும்படி சொன்னேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கை நின்றதும் சரியாக அதே இடத்தில்தான்.

அன்று இரவே இதை எழுதத் தொடங்கினேன். பசை காயும் முன் ஒட்டுவது, மழுங்கிய கத்தியால் ஃபோம் வெட்டுவது, பிரைமர் அடிக்காமல் வண்ணம் பூசுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு முறை கெட்டால் மறு முறை தாமாகவே திருந்திவிடும். அனுபவம் வந்த பிறகும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

நிற்கும் படத்தைப் பார்த்துக் கவசம் செய்வது

நான் முதன்முதலில் முழுமையாகச் செய்த உடையும் கூகாதான். மார்பையும் வயிற்றையும் ஃபைபரில் ஒரே துண்டாக வார்த்தேன். ஐந்து மாத மாலை நேரங்களும், அதுவரை சேர்த்துவைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியும் அதில் போயின. கூகாவின் நாயகன் கொதாய் யூசுகே உருமாறும்போது வலக்கையை இடப்புறமாக முன்னே நீட்டி, மெல்ல வலப்புறம் கொண்டுசெல்வான். அந்த ஒரு கையசைவுக்காகவே பலர் அந்தத் தொடரை நினைவில் வைத்திருக்கிறார்கள். மேடையில் கவசத்தோடு அதைச் செய்து காட்ட முனைந்தேன். மார்புக் கவசத்தின் விளிம்பு மேற்கையில் குத்தி முழங்கையை நீள விடவில்லை. பலம் கொடுத்து நீட்டியதும் கவசம் முழுவதும் மேலே எழும்பி முகமூடியின் தாடையில் மோதியது, முகமூடி பின்னால் சாய்ந்தது, தோள்பட்டைத் துண்டு பிளந்தது. எதிரே ஒரு சிறுவன் தன் வலக்கையை அழகாக நீட்டியபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்தத் தவறு கைத்திறன் குறைவால் வருவதில்லை. இந்த உடைகளின் அழகு எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருகிறது. நாம் கவசத்தை மட்டும் பார்க்கிறோம். வடிவமைப்பாளரோ கவசத்தையும், அது முடிந்து கறுப்பு உள்ளுடை தொடங்கும் இடத்தையும் சேர்த்தே வரைகிறார். கூகாவின் கைகால்களில் பெரும்பகுதி வெறும் கறுப்புதான். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் மட்டுமே மீண்டும் உலோகம் தென்படும். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் உதைக்கும் கால் நீளமாகத் தெரிகிறது, மார்பின் சிவப்பு கண்ணில் நிற்கிறது.

அதே தொடரில் நாயகன் தேவைக்கேற்ப வடிவம் மாற்றுவதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். உயரத் தாவ வேண்டிய நீல வடிவத்தில் கவசம் மெலிந்து உடல் இலகுவாகிறது. ஊதா வடிவத்தில் மார்பும் தோளும் கனத்துவிட, அவன் தாவுவதை விட்டு, விழும் அடிகளை வாங்கிக்கொண்டே எதிரியை நோக்கி நேராக நடக்கிறான். கவசத்தின் அளவே அவன் எப்படி நகர்வான் என்பதைச் சொல்லிவிடுகிறது. அதே வரிசையில் 2006இல் வந்த கபுத்தோ தொடர் இதையே கதையின் உத்தியாக்கியது: முதலில் பருத்த வெள்ளிக் கவசத்தோடு நிற்கும் நாயகன் அதை நாலாபுறமும் சிதறவிட்டதும் உள்ளேயிருந்து மெல்லிய சிவப்பு உருவம் வெளிப்படும். 2013இல் வந்த கைம் தொடரில் பெரிய ஆரஞ்சுப் பழம் வானத்திலிருந்து தலையில் இறங்கி, விரிந்து, மார்புக்கும் தோளுக்கும் மட்டும் கவசமாகிறது. பழம் மாறினாலும் கருநீல உள்ளுடை மாறுவதில்லை. இவற்றில் எதையும் கவசத்தை மட்டும் பார்த்துச் செய்ய முடியாது.

நம்மை ஏமாற்றுவது புகைப்படம். ஜப்பானியப் படப்பிடிப்பில் ஒரே நாயகனுக்குப் பல உடைகள் இருக்கும். முகத்துக்கு அருகில் கேமரா வரும்போது அணியும் உடை கடினமானது, நுணுக்கங்கள் நிறைந்தது. சண்டைக்கு அணிவது ரப்பர் போன்ற மென்மையான பொருளால் ஆனது. விழுந்தாலும் உருண்டாலும் வளைந்துகொடுக்கும். படப் புத்தகங்களில் நாம் உற்றுப் பார்த்து அளவெடுப்பது பெரும்பாலும் முதல் வகையை. மேடையில் செய்ய விரும்புவதோ இரண்டாம் வகையால் மட்டுமே முடிந்ததை. அந்த இரண்டும் ஒரே உடை என்று நம்பித்தான் நான் பணத்தை இழந்தேன். அந்த இளைஞரும் அப்படியே நம்பியிருந்தார். பொம்மை உருவங்களிலிருந்து அளவெடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பொம்மையின் இடுப்பு மனித இடுப்பை விட மிக ஒல்லியானது, கால் மிக நீளமானது.

உள்ளே இருப்பவரின் உடல்மொழி வெளியே தெரிய வேண்டும் என்பதற்கு 2007இல் வந்த தென்-ஓ தொடரை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அதில் நாயகனின் உடலுக்குள் வெவ்வேறு குணமுள்ளவர்கள் மாறி மாறிப் புகுவார்கள். உடைக்குள் நடித்த தகாயிவா செய்ஜி, முகம் முழுவதும் மூடியிருந்த நிலையில், நிற்கும் விதத்தாலும் தோளைச் சாய்க்கும் விதத்தாலும் கழுத்தைத் திருப்பும் விதத்தாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அடையாளம் காட்டினார். தோளைச் சாய்க்க இடம் கொடுக்காத கவசத்துக்குள் எவராலும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆகவே ஃபைபரையோ ஃபோமையோ தொடும் முன் கறுப்பு உள்ளுடையைத் தைத்து அணிந்துகொள்ளுங்கள். கையை மேலே தூக்குங்கள், குறுக்கே நீட்டுங்கள், குந்துங்கள், இடுப்பைத் திருப்புங்கள், நாற்காலியில் உட்காருங்கள். துணி எங்கெல்லாம் மடிகிறதோ அங்கெல்லாம் உடனிருப்பவர் சாக்பீஸால் கோடு போடட்டும். கவசம் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னதாகவே முடிய வேண்டும். அடுத்து அட்டையில் ஒரு மாதிரி செய்து, அதே ஐந்து அசைவுகளையும் அதை அணிந்தபடி செய்து பாருங்கள். தோள் கவசத்தைக் கையில் கட்டாமல், மார்புக் கவசத்தின் உட்புறத்திலிருந்து அகலமான எலாஸ்டிக் பட்டையில் தொங்கவிடுங்கள். தொடைக் கவசம் இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கட்டும். வயிற்றை மார்போடு ஒருபோதும் சேர்த்து வார்க்காதீர்கள். அட்டைக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தி நான் ஐந்து மாதங்களை இழந்தேன்.

கண்ணின் வழியாகவே பார்க்கலாம் என்று நம்புவது

1971இல் வந்த முதல் காமென் ரைடரின் முகமூடியில், வெட்டுக்கிளியின் கூட்டுக்கண்களுக்குக் கீழே கண்ணீர் வழிந்த தடம்போல் கறுப்புப் பகுதி ஒன்று இருக்கும். அது உள்ளே இருப்பவர் பார்ப்பதற்கான துளையை மறைக்கும் வடிவம். ஒளிரும் கண்ணின் வழியாகப் பார்க்க முடியாது. பின்னால் விளக்கு எரியும்போது வண்ண அக்ரிலிக் உங்கள் பக்கம் வெறும் ஒளித்திரையாக மாறிவிடும்; இரவு மேடையில் படிக்கட்டு தெரியாது. பார்வைத் துளையைக் கண்ணிலிருந்து பிரித்து, வடிவத்தின் நிழல் விழும் ஓரிடத்தில் ஒளித்துவையுங்கள். தேவையைச் சோகத்தின் சாயலாக மாற்றிய அந்தப் பழைய முகமூடியை நான் இன்றும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

குரோம் மீது கிளியர் கோட்

குரோம் பூச்சின் மீது கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேல்பூச்சை அடிக்காதீர்கள். 1982இல் வந்த உச்சூ கெய்ஜி கியாபன் தொடரின் நாயகன் உருமாறும்போது முழங்கும் "ஜோச்சாக்கு" என்ற சொல்லுக்கு, உலோக ஆவியைப் பரப்பில் படியவைத்தல் என்பதே பொருள். அந்தப் பளபளப்பு டப்பா ஸ்ப்ரேயில் முழுமையாக வராது. கொஞ்சம் வந்ததையும் கிளியர் கோட் சாம்பல் நிறமாக்கிவிடும்.

ஒளிரும் கோடுகளுக்குப் பக்கவாட்டு விளக்கு

2003இல் வந்த காமென் ரைடர் ஃபைஸ் தொடரில், நாயகன் உடையின் கோடுகளுக்கு, தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நாடா பயன்பட்டது. அத்தகைய நாடா ஒளிர வேண்டுமானால் விளக்கு கேமரா லென்சுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். புதியவர்கள் நல்ல நாடாவைத் தேடி வாங்கி ஒட்டிவிட்டு, புகைப்படக்காரர் இடப்புறமும் வலப்புறமும் வைத்த விளக்குகளில் நின்று, கோடுகள் மங்கலாகவே விழுந்திருப்பதைப் பார்த்து நாடாவைக் குறை சொல்கிறார்கள். தலையில் மாட்டும் சிறு டார்ச்சைப் புகைப்படக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள்.

குழந்தைகளுக்கான பெல்ட்

நாயகன் உருமாற அணியும் பெல்ட்டின் பொம்மை வடிவம் உங்கள் இடுப்புக்கு எட்டாது. பட்டையை முதலிலேயே நீட்டித்துக்கொள்ளுங்கள்.

கையுறையைக் கடைசியில் வாங்குவது

அந்த உருமாற்றம் முழுவதும் கையில்தான் நடக்கிறது. முதலில் வாங்குங்கள்.

தவறை மறைக்கக் கீறல் வரைவது

போரில் அடிபட்டதுபோல் துருவும் கரியும் பூசுவது மற்ற வகைக் கவசங்களுக்குப் பொருந்தலாம். இந்த நாயகர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லைச் சொல்லிப் புதிதாக உருமாறி வருபவர்கள். அவர்கள் கவசம் பளிச்சென்று இருப்பதே அந்த உருமாற்றத்துக்குச் சான்று. கீறல் விழும் அத்தியாயத்தில் அது கதையின் நிகழ்வாகவே வரும். பார்ப்பவர் மனம் அந்த ஒரு கீறலிலேயே நிற்கும். உடல் முழுவதும் கீறியிருந்தால் எதுவும் நிகழ்வாகாது.

போர்வையில் கவசம் கொண்டுவந்த இளைஞரிடம் இதை நான் சொல்ல நேர்ந்தது. அக்குள் பக்கம் நான்கு விரற்கடை அளவுக்கு விளிம்பை அறுத்தெடுக்க வேண்டும் என்றதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாமே ரம்பத்தை வாங்கி அறுத்தார். பொன்னிறக் கோடு இரண்டு பக்கமும் துண்டானது. அந்த இடத்தில் வாள் வெட்டுப்போல் வண்ணம் பூசிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், பட்டி பார்த்துத் தேய்த்து, கோட்டைப் புதிய விளிம்பில் திரும்பவும் இழுக்கலாம் என்றேன். பட்டி காய இரண்டு நாள் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்து, வண்ணம் பூசாத கவசத்தை அணிந்து, வலக்கையை இடப்புறம் நீட்டி மெல்ல வலப்புறம் கொண்டுசென்றார். முழங்கை முழுவதும் நீண்டது.