தோட்டப்புற கிளினிக்கில் தாதியர் ஆய்வு: எண்கள் தடம் மாறும் இடங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் தாதியர் ஆய்வு என்றதும் பலர் நினைவுக்கு வருவது இனிப்புநீர் நோயாளிகளின் பாதம்தான். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. கால் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் புண் குறைகிறதா என்று ஒரு கிளினிக் பார்க்க விரும்புவது மிகவும் தேவையான வேலை. ஆனால் கணக்குப் போட உட்காருவதற்கு முன்பே, பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் நாற்காலியிலேயே ஆய்வு கெட்டுவிடலாம்.

பாத உணர்வைச் சோதிக்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய இழையை எடுத்துக்கொள்வோம். முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டி, உணர்வு எப்படி இருக்கும் என்று புரியவைக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இழையைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி, 1 முதல் 2 நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். தொடும்போதே “இப்ப தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்றுதான் பதில் வரும். “தொடும்போது சொல்லுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசாமல் தொடுவதே சரி. காய்ப்பு மேல் வைக்கவே கூடாது. பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை இறக்கியவர்களுக்கும் குதிகாலும் முன்பாதமும் காய்த்துப் போயிருக்கலாம். அங்கே உணர்வு தெரியாததை நரம்பு பாதிப்பு என்று எழுதினால் எண்ணிக்கை வீணாக ஏறும். காய்ப்பை ஒட்டியுள்ள மெல்லிய தோலில் சோதியுங்கள்.

இழையும் களைத்துப் போகும். ஒரே இழையைத் தொடர்ந்து சுமார் 10 பேருக்குப் பயன்படுத்தினால் தளர்ந்து, 10 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வளையத் தொடங்கும். பிறகு 24 மணி நேரம் அதைச் சும்மா வைக்க வேண்டும். இல்லாவிட்டால், நல்ல உணர்வு உள்ளவரும் வரிசையில் பின்னால் உட்கார்ந்த காரணத்தால் உணர்வற்றவராகப் பதிவாவார்.

இரத்த அழுத்தத்திலும் இதே கதைதான்: பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் உட்கார வைக்காமல் எடுத்த எண்ணை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது நாள்காட்டி. தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்கு வெறுங்காலோடு காவடியும் பால்குடமும் எடுத்தவர்களின் பாதத்தை மறுவாரமே பார்த்தால் கொப்புளமும் வெடிப்பும் நிறைய இருக்கும். 3 மாதம் கழித்து அவை குறைந்திருந்தால் அதற்குப் பாடம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆறும் காயம் தானாகவே ஆறியிருக்கும். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால், தீபாவளிக்குப் பின் எடுத்த முதல் அளவையும் மார்ச்சில் எடுத்த இரண்டாம் அளவையும் ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று இருக்கிறது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி ஆய்வில் சேர்த்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அவர்களின் சராசரி ஓரளவு இறங்கும். அன்று தற்செயலாக உச்சத்தில் இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் அல்லவா? வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும், அதே அளவு சர்க்கரை உள்ள இன்னொரு குழு இல்லாமல் “எங்கள் பயிற்சியால் குறைந்தது” என்று எழுதவே கூடாது.

வார்டில் படுக்கைப் புண்ணை எண்ணுபவர்கள் தோலின் நிறத்தை மறந்துவிடுகிறார்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் முதல் நிலையின் அடையாளம் என்று படித்திருப்போம். கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இடுப்பெலும்பின் அடிப்பகுதியையும் குதிகாலையும் தொட்டுப் பார்த்து, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று குறிக்க வேண்டும். பதிவுத்தாளில் ‘சிவப்பு: உண்டு / இல்லை’ என்ற ஒரே கட்டம் இருந்தால் நம் மக்களின் புண்கள் தோல் பிய்ந்த பிறகுதான் கணக்கில் வரும். அதற்குள் நோயாளி அனுபவிக்கும் வேதனையை எந்தப் பட்டியலும் ஈடுகட்டாது. படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் 18-உம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணை எழுதிவிட்டுத் தோலைத் தொடாமல் போவது பராமரிப்பு ஆகாது.

ஒப்புதல் விஷயத்தில் தோட்டப்புற ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. தினமும் மருந்து கொடுக்கும் மிஸ்ஸியே (தாதியே) “ஆய்வில் சேர்றீங்களா?” என்று கேட்டால் ஒரு பாட்டியால் மறுக்க முடியாது. சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் கேட்கட்டும். கேள்விகளும் அப்படியே: “மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?” என்பதற்கு ஒரே பதில்தான் வரும். “போன 7 நாள்ல எத்தனை நாள் மருந்து விட்டுப்போச்சு?” என்று கேட்டால் தயக்கமில்லாமல் சொல்வார்கள்.

சுகாதார அமைச்சின் கிளினிக்கில் செய்யும் ஆய்வை என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே முதல் நோயாளியைச் சேர்க்க வேண்டும். அடையாள அட்டை எண்ணைத் தரவுத்தாளில் எழுதாதீர்கள். அதன் முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. பெயரை நீக்கினாலும் ‘68 வயது, இன்ன தோட்டம், ஒரு கால் எடுக்கப்பட்டவர்’ என்று எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். தோட்டப் பெயரை விட்டுவிட்டு, வயதை 60–69 என்று தொகுத்து எழுதுங்கள்.

யார் விடுபடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். காலை கிளினிக்கில் மட்டும் ஆள் சேர்த்தால், விடியலில் மரம் வெட்டப் போனவர் வரமாட்டார், ஓய்வுபெற்றவர்களே நிறைந்திருப்பார்கள். வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஒதுக்குங்கள். கிள்ளானுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளைகளிடம் போய்விட்டவர்களைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. 60 பேரில் தொடங்கி 41 பேரில் முடிந்தால், மீதி 19 பேர் ஏன் வரவில்லை என்பதை, அவர்களின் முதல் அளவுகளோடு, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.