வயலில் பதிந்து ஆபீசில் சம்பளம் போட ஒரு செயலி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் நடவு ஆட்களையும் அறுவடை இயந்திரங்களையும் அனுப்பிவைக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு வேலை நேரம் பதியும் செயலி ஒன்று செய்துகொடுத்தேன். முதலில் நான் கொண்டுபோனதில் இரண்டே பொத்தான்கள்: 'தொடங்கு', 'முடி'. அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நான் பட்டது நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கணினியைத் திறக்காதீர்கள், நோட்டைத் திறங்கள்

மேஸ்திரியிடம் கேட்டு, அவர் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு வாரத்துப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் என்று எழுதியிருப்பது அதில் கொஞ்சம்தான். நடவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியிருப்பார்கள். களை எடுக்க ஆள் கூலி. அதிலும் முழு நாள், அரை நாள். அறுவடை இயந்திரம் மணிக்கணக்கு. ஏற்றி இறக்குவது மூட்டைக் கணக்கு. ஆக, ஒரு பதிவில் இருக்க வேண்டியவை: யார், என்ன வேலை, எந்த வயல், எந்த அலகு, எத்தனை. மணி என்பது அந்த அலகுகளில் ஒன்று, அவ்வளவுதான். 'தொடங்கு, முடி' செத்துப்போனது இந்த இடத்தில்தான்.

படி 2: சொன்ன அலகிலேயே சேமியுங்கள்

டெல்டாவில் நிலத்தை இன்னும் மாக்கணக்கில்தான் பேசுவார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஒரு ஏக்கர், ஒரு மா 33 சென்ட் என்பது புழக்கம். மூன்று 33ஐக் கூட்டிப் பாருங்கள்: 99. ஏக்கருக்கு ஒரு சென்ட் காணாமல் போகிறது. 15 மா நட்டவர்களுக்கு நீங்கள் சென்ட்டாக மாற்றிக் கணக்குப் போட்டால் 495 வரும். அவர்கள் 5 ஏக்கர் என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், சண்டையும் இருக்கும். எனவே எண்ணையும் அலகையும் தனித்தனிப் புலங்களில், பேசியபடியே வையுங்கள். கூலியும் எந்த அலகில் பேசினார்களோ அதிலேயே பெருக்குங்கள். மாற்றுவது அறிக்கைக்கு மட்டும்.

படி 3: நேரம் நிமிடத்தில், பணம் பைசாவில்

என் பெரிய தவறு இதில்தான். நோட்டில் '2.40' என்று இருந்தால் 2 மணி 40 நிமிடம் என்று பொருள். நான் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டேன். ஓட்டுநருக்கு மணிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 160 நிமிடத்துக்கு 400 ரூபாய் வர வேண்டும். என் செயலி போட்டது 360. அவர் விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிட்டார். மணிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி என்று திரையில் பிரித்துவிடுங்கள்; உள்ளே மொத்த நிமிடத்தை முழு எண்ணாகச் சேமியுங்கள். பணத்தையும் அப்படியே, பைசாவில் முழு எண்ணாக.

அப்புறம், சம்பா அறுவடையில் பனி காய்ந்த பிறகுதான் இயந்திரம் வயலில் இறங்கும். இழுத்துக்கொண்டே போய் இரவும் ஓடும். இரவு 10.30க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 12.45க்கு முடித்தால், மணியை மட்டும் சேமித்த செயலி மைனஸில் விடை சொல்லும். தேதியும் சேர்த்தே சேமியுங்கள். அந்த வேலை எந்த நாள் கணக்கில் சேரும் என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் சம்பளம் போடுபவரிடம் கேளுங்கள்.

படி 4: சேற்றுக் கைக்கு ஒரு திரை

ஆளுக்கொரு போன் எதிர்பார்க்க வேண்டாம். மேஸ்திரியின் ஒரு போனில் பதினைந்து பேர் கணக்கு. ஈர விரலை தொடுதிரை சரியாக உணராது, வெயிலில் மெல்லிய சாம்பல் எழுத்து தெரியாது. கறுப்பு எழுத்து, பெரிய பொத்தான், ஒரு திரைக்கு ஒரு கேள்வி. ஒரே குழுவில் மூன்று செல்விகள் இருப்பார்கள். 'கீழத்தெரு செல்வி' என்று அவர்கள் அழைக்கிற மாதிரியே பெயரை வைத்தால் குழப்பம் இல்லை.

வாய்க்கால் தாண்டினால் சிக்னல் போய்விடும். பதிவை முதலில் போனிலேயே, எஸ்க்யூலைட் போன்ற ஒரு சிறு தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்கு அனுப்புங்கள். பதில் வரவில்லை என்று போன் அதே பதிவைத் திரும்ப அனுப்பும். அதற்காக ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிட்டால், இரண்டாவது முறை வருவதைச் சர்வர் கண்டுகொண்டு ஒதுக்கிவிடும். போன் சொல்லும் நேரம், சர்வருக்கு வந்துசேர்ந்த நேரம் இரண்டையும் வையுங்கள்; போன் கடிகாரத்தை யாரும் மாற்றலாம். ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நாள் முழுக்க ஆளைப் பின்தொடர்வதும் வேண்டாம். எனக்கு அது பிடிக்கவில்லை, கூலி போட அது தேவையும் இல்லை.

படி 5: சம்பளம் போடுபவருக்கு வேறொரு திரை

ஆபீசில் இருப்பவருக்கு எல்லாப் பதிவும் வேண்டாம், இடிக்கிற பதிவுகள்தான் முதலில் வேண்டும்: முடிவு நேரம் இல்லாதவை, ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வயலில் இருப்பது, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியவை. திருத்தம் வந்தால் பழையதை அழிக்காதீர்கள். நோட்டில் எப்படிச் செய்வார்கள்? ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதே முறை: பழைய பதிவு இருக்கட்டும், யார் எப்போது ஏன் மாற்றினார் என்று புதிய பதிவு சேரட்டும். பட்டுவாடா முடிந்த வாரத்தைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிந்தைய திருத்தம் அடுத்த வாரக் கணக்கில் கூடவோ குறையவோ செய்யும். முன்பணப் பிடித்தம் தனி வரியில் வரட்டும், கூலியோடு கலக்கக் கூடாது.

கணக்கைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இறக்கிக் கொடுத்தால், எக்செல்லில் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரியலாம். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில், தொடக்கத்தில் அதை எக்செல்லுக்கு அடையாளம் காட்டும் பிஓஎம் குறியோடு எழுதினால் சரியாகிவிடும். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது இதற்கு.

கூலிச் சீட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதானால், தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான். 'கி' என்பதே அதில் இரண்டு. நாள், வேலை, அளவு, தொகை. அதற்கு மேல் இடம் இருக்காது.

படி 6: நோட்டோடு சேர்த்து ஓட்டுங்கள்

இரண்டு வாரம் நோட்டும் செயலியும் சேர்ந்தே நடக்கட்டும். சனிக்கிழமை இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் எந்த வரி என்று தேடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், மேஸ்திரி உங்கள் போனை எடுக்க மாட்டார்.