ரெஸ்லிங் டிவி ஒப்பந்தம்: செய்தியைப் பிரித்துப் படிக்கப் பழகுவோம்

"டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் கம்பெனியின் ரா நிகழ்ச்சி 500 கோடி டாலருக்கு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது" என்று படித்ததும், "அப்படியானால் அதுவரை ராவைக் காட்டிய யுஎஸ்ஏ நெட்வொர்க் சேனல் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தது?" என்று தேடுவோம். ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் என்று பதில் வரும். பத்தாண்டு ஒப்பந்தம் என்பதால் 500-ஐப் பத்தால் வகுத்தால் 50 கோடி. "கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!" என்று முடிவு கட்டிவிடுவோம். வகுத்தல் சரிதான், ஒப்பிட்டதுதான் தப்பு. ஏன் என்று பார்க்க ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நிகழ்ச்சி, நாடு, காலம், தொகை, மணிக்கணக்கு, முடியும் தேதி.

படி 1: எந்த நிகழ்ச்சி, எந்த நாடு?

டபிள்யூடபிள்யூஇ தன் சரக்கை மொத்தமாக விற்பதில்லை, துண்டு போட்டுத்தான் விற்கிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 6 முதல் ரா நெட்ஃபிளிக்ஸில். இன்னொரு வார நிகழ்ச்சியான ஸ்மாக்டவுன் 2024 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலை விட்டு யுஎஸ்ஏ நெட்வொர்க்குக்குத் திரும்பியது. மூன்றாவது வார நிகழ்ச்சியான என்எக்ஸ்டி 2024 அக்டோபரில் சிடபிள்யூ சேனலுக்குப் போனது. ரெஸில்மேனியா போன்ற பெரிய நிகழ்ச்சிகள் 2025 செப்டம்பரில் பீகாக்கிலிருந்து ஈஎஸ்பிஎன்னுக்கு மாறின. ஒரே கம்பெனிக்கு நான்கு வாசல்.

அமெரிக்காவுக்கு வெளியே கதை வேறு. அங்கே பல நாடுகளில் ரா, ஸ்மாக்டவுன், என்எக்ஸ்டி, பெரிய நிகழ்ச்சிகள் எல்லாமே நெட்ஃபிளிக்ஸ் கையில். அந்த 500 கோடியில் இவையும் அடக்கம். 26.5 கோடி என்பதோ அமெரிக்காவில் ரா ஒன்றுக்கு மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நாட்டுக் கட்டத்தில் தொடங்கும் தேதியையும் எழுதுங்கள். எல்லா நாட்டிலும் ஒரே நாளில் மாறாது. இந்தியாவில் சோனியின் பழைய ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்ததால், நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியது 2025 ஏப்ரல் 1-இல்தான்.

படி 2: தொகை யார் வாயிலிருந்து வந்தது?

மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி. 1.4 பில்லியனை 14 கோடி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அது 140 கோடி.

அடுத்து, எண்ணின் மூலத்தைப் பாருங்கள். டபிள்யூடபிள்யூஇயின் தாய்க் கம்பெனி டிகேஓ பங்குச்சந்தையில் இருக்கிறது. "500 கோடிக்கு மேல்" என்பது அதுவே தாக்கல் செய்த ஆவணத்தில் இருப்பது. போட்டி ரெஸ்லிங் கம்பெனியான ஏஇடபிள்யூ தனியார் கம்பெனி. 2024 அக்டோபரில் அறிவித்த ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 18.5 கோடி டாலர் என்பது பத்திரிகைச் செய்தி. அப்படிப்பட்ட எண்ணுக்குப் பக்கத்தில் "செய்தி" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மணிக்கணக்குக்கு இறக்குங்கள்

கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. ஃபாக்ஸ் ஸ்மாக்டவுனை 2019-இல் ஐந்தாண்டுக்கு எடுத்தது. செய்திகளில் வந்த தொகை 102.5 கோடி.

102.5 ÷ 5 = ஆண்டுக்கு 20.5 கோடி
20.5 கோடி ÷ 52 வாரம் = வாரத்துக்குச் சுமார் 39.4 லட்சம்
39.4 ÷ 2 மணி = மணிக்கு 19.7 லட்சம் டாலர்

அதே காலத்து ராவுக்கும் இதைச் செய்யுங்கள். 26.5 கோடி ÷ 52 = சுமார் 51 லட்சம். ரா அப்போது மூன்று மணி நேரம், ஆகவே மணிக்கு 17 லட்சம். ஆண்டுத் தொகையில் ரா பெரிது, மணிக்கணக்கில் ஸ்மாக்டவுன் பெரிது!

இப்போது யுஎஸ்ஏவின் புதிய ஸ்மாக்டவுன் ஒப்பந்தம்: ஐந்தாண்டு, சுமார் 140 கோடி. இரண்டு மணி நேர நிகழ்ச்சி என்றால் மணிக்குச் சுமார் 26.9 லட்சம். ஆனால் 2025 ஜனவரியில் ஸ்மாக்டவுனை மூன்று மணி நேரமாக்கி, ஜூன் வரை அப்படியே ஓட்டினார்கள். அந்த நீளத்தில் மணிக்கு 17.9 லட்சம்தான், ஃபாக்ஸ் காலத்தைவிடக் குறைவு. நேரத்தைக் கவனிக்காமல் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை: நாம் போடுவது சராசரி. இத்தகைய ஒப்பந்தங்களில் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது வழக்கம். முதல் வருடமே சராசரித் தொகை கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள்.

படி 4: பணம் எந்தத் திசையில் போகிறது?

சேனல் கம்பெனிக்குக் கொடுப்பது உரிமைக் கட்டணம். விளம்பர வருமானத்தை இருவரும் பங்கிடுவது இன்னொரு வகை. கம்பெனியே சேனலுக்குக் காசு கொடுத்து நேரம் வாங்குவது மூன்றாவது. டிஎன்ஏ (TNA) என்ற ரெஸ்லிங் கம்பெனி 2004-இல் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் நெட்டில் நுழைந்தது இப்படித்தான். ஏஇடபிள்யூ 2019-இல் டிஎன்டி (TNT) சேனலில் விளம்பரப் பங்கீட்டில் தொடங்கி, அடுத்த ஜனவரியிலேயே கட்டண ஒப்பந்தத்துக்கு ஏறியது. "டிவி டீல் கிடைத்தது" என்ற செய்தியில் திசை சொல்லப்படவில்லை என்றால், மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது.

படி 5: மாறியது சேனலா, முதலாளியா?

2022 ஜனவரியில் ஏஇடபிள்யூவின் வார நிகழ்ச்சியான டைனமைட் டிஎன்டியிலிருந்து டிபிஎஸ்ஸுக்குப் போனது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் சேனல்கள், அதனால் இது வீட்டுக்குள்ளேயே அறை மாறிய கதை. சேனலின் பெயர் மாறாமலே தலைமை மாறுவதுதான் ஆபத்து. 2001 மார்ச்சில், டிஎன்டி, டிபிஎஸ் அடங்கிய டர்னர் சேனல்களின் புதிய தலைவர் ஜேமி கெல்னர் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தார். டர்னரின் சொந்த ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவை வாங்க வந்த எரிக் பிஷாஃப் தரப்பு, டிவி நேரம் போனதும் பின்வாங்கியது. பெயரும் பழைய டேப்புகளும் போட்டியாளரான டபிள்யூடபிள்யூஎஃப்புக்குச் (டபிள்யூடபிள்யூஇயின் அன்றைய பெயர்) சல்லிசாகப் போயின. டபிள்யூசிடபிள்யூவின் திங்கள் இரவு நிகழ்ச்சியான நைட்ரோ கடைசியாக வந்தது மார்ச் 26. வீரர்களோ அரங்கமோ அல்ல, திங்கள் இரவு நேரம்தான் அங்கே சொத்தாக இருந்தது.

படி 6: பழைய சேனலுக்கு முதல் உரிமை உண்டா?

வேறொருவர் தரும் விலையை ஈடுகட்டினால் நிகழ்ச்சி தனக்கே என்று பழைய சேனல் எழுதி வாங்கியிருக்கலாம். யுஎஸ்ஏ நெட்வொர்க்கிடம் அப்படியொரு ஷரத்து இருந்தது. 2000-இல் டிஎன்என் சேனலை வைத்திருந்த வயாகாம், டபிள்யூடபிள்யூஎஃப்பின் டிவி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விலை சொல்லவில்லை. எக்ஸ்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் உட்படப் பலதையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டியது. யுஎஸ்ஏ நெட்வொர்க்கோ, டிவி நிகழ்ச்சிகளுக்கான பகுதியை மட்டும் ஈடுகட்டி வழக்குப் போட்டது. முழுச் சலுகையையும் ஈடுகட்டவில்லை என்று டெலவேர் நீதிமன்றம் சொல்ல, ரா அந்தச் செப்டம்பரில் டிஎன்என்னுக்குப் போய், 2005 அக்டோபரில்தான் திரும்பியது.

படி 7: முடியும் தேதி

"பத்தாண்டு" என்று இருந்தால் நடுவில் கதவு இருக்கிறதா என்று தேடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஐந்தாண்டு முடிந்ததும் விலகலாம். விரும்பினால் மேலும் பத்தாண்டு நீட்டிக்கலாம். ஆகவே கடைசிக் கட்டத்தில் 2035-உடன் 2030-ஐயும் எழுதுங்கள். ஏஇடபிள்யூவுக்கு 2027, நான்காவது ஆண்டு ஆப்ஷனுடன். ஸ்மாக்டவுனுக்கு 2029. ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே பேரச் செய்திகள் கசியத் தொடங்கும். ரா நெட்ஃபிளிக்ஸுக்குப் போகும் அறிவிப்பு வந்தது, முதல் ஒளிபரப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, 2024 ஜனவரி 23-இல்.