"பி1 முடித்தாயிற்று": ஜெர்மன் படிக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் ஜெர்மன் படிக்கும் ஒருவரிடம் மொழியறிவு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "பி1 முடித்தாயிற்று" என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. 2001இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம், ஒருவரால் ஒரு மொழியில் என்னென்ன செய்ய இயலும் என்பதை விவரிக்கவே ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளை (பி1 அவற்றில் மூன்றாவது) வகுத்தது. அவற்றைத் தேறிக் கடந்துவிட்ட வகுப்புகளாகக் கருதுவதே முதல் தவறு.

பட்டம் பெற்றபின், வேலையில் நிலைபெற்றதும் மீண்டும் தொடலாம் என்று ஒத்திவைப்பது அதனினும் பெரிய தவறு. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக், பள்ளியிலும் கல்லூரியிலும் கற்ற ஸ்பானிய மொழி 50 ஆண்டுக் காலத்தில் எவ்வளவு நினைவில் தங்குகிறது என்பதை 733 பேரிடம் சோதித்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் 3 முதல் 6 ஆண்டுகளில் மறதி விரைவாக நிகழ்ந்தது. அதன்பின் எஞ்சியதோ, இடையில் அந்த மொழியை அதிகம் பயன்படுத்தாதவர்களிடமும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வரை பெரிதும் குறையாமல் நின்றது. தொடக்கத்தில் எவ்வளவு ஆழமாகக் கற்றார்கள் என்பதைப் பொறுத்தே எஞ்சும் அளவும் அமைந்தது. ஆகவே, மாணவர் ஒத்திவைக்கும் அந்தச் சில ஆண்டுகளே மொழி மிக வேகமாகக் கசிந்துபோகும் ஆண்டுகள். பத்தாண்டு கழித்து, எல்லாம் மறந்துவிட்டது என்று எண்ணி ஏ1 வகுப்பிலேயே மறுபடி பணம் கட்டிச் சேர்வதும் தேவையற்றதே; அதற்குமுன் ஒரு பழைய பாடநூலைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆசிரியரின் குறிப்புகளையும் மொழிபெயர்ப்புச் செயலியையும் மட்டும் நம்பி, அகராதி பார்க்கப் பழகாதிருப்பது அடுத்த தவறு. "எர் ரூஃப்ட் மிஷ் அன்" என்றால், அவர் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார் என்று பொருள். இதில் "ரூஃபென்" என்னும் வினையை மட்டும் தேடுபவருக்குக் கூவுதல், கூப்பிடுதல் என்ற பொருள்களே கிடைக்கும். வாக்கியத்தின் கடைசியில் தனித்து நிற்கும் "அன்" என்பதை முன்னே ஒட்டி, "அன்ரூஃபென்" என்று தேட வேண்டும் என்பதை அறிந்தவரே வகுப்பறைக்கு வெளியிலும் தாமாகப் படிக்க முடியும். பிழைக்கு அஞ்சிப் பேசாதிருப்பதைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அகராதி பார்க்கப் பழகாதிருப்பதே கூடுதல் கவலை தருகிறது.

கற்ற மொழி கற்றபடியே நிற்கும் என்று நம்புவதும் தவறு. 1996இல் ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்தால், "தாஸ்" என்னும் இணைப்புச்சொல் எஸ்ட்செட் (ß) என்னும் ஜெர்மன் எழுத்தை இழந்து இரட்டை எஸ் பெற்றது. அந்தச் சீர்திருத்தமே 2006இல் மீண்டும் திருத்தப்பட்டது; 2017இல் எஸ்ட்செட்டின் பெரிய எழுத்து வடிவம் விதிகளில் இடம்பெற்றது. பல்லாண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர்களும் தம் மாணவர்களோடு சேர்ந்தே எழுத்துக்கூட்டலைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.