அன்றைக்கே எழுதி வையுங்கள்

வேலையிடத்தில் யாராவது தப்பாகப் பேசினாலோ தொட்டாலோ, அன்று இரவே தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். முக்கியமாக, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே. 'அசிங்கமாகப் பேசினார்' என்பது விசாரணையில் வலுவாக நிற்காது. 'லிஃப்டில் தோளில் கை வைத்து, தனியா வந்தா புரமோஷன் பத்திப் பேசலாம் என்றார்' என்பது நிற்கும்.

ஆபாச மெசேஜை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். பலரும் அப்படித்தான் கையில் இருந்த ஆதாரத்தை இழக்கிறார்கள். பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்த மெயிலில் வையுங்கள். ஆபீஸ் கணக்கை எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள்.

அப்புறம், வாயால் சொன்ன புகாரையும் எழுத்தில் கொடுங்கள். புகார் செய்தவரைப் பழிவாங்குவதிலிருந்து காக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019 உடன்படிக்கையே சொல்கிறது. பயப்படாதீர்கள், தப்பு உங்களுடையது இல்லை.